“சும்மாதான் இருக்கேன்”

வானொலியில் நேயர் அழைப்பு நிகழ்ச்சி செய்பவர்களுக்கென்று பழகிப்போன சில கேள்விகள் உண்டு. பேர் என்ன, எங்கிருந்து பேசுறீங்க, சாப்டாச்சா, என்ன வேலை பார்க்கிறீங்க. முதல் மூன்றுக்கும் பதில் சட்டென்று வந்துவிடும். நான்காவதில்தான் சிலருக்குக் குரல் ஒரு படி இறங்கும். “வேலைக்கெல்லாம் போகலைங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருப்பதில் அந்தச் ‘சும்மா’வின் வகைகள் எனக்கு அத்துப்படி. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி சொல்லும் ‘சும்மா’வில் ஒரு பெருமை இருக்கும். வேலை ஓய்வு பெற்ற தாத்தாவின் ‘சும்மா’வில் கொஞ்சம் சலிப்பு இருக்கும். ஆனால் செங்காங், பொங்கோல் பக்கத்திலிருந்து காலை பதினோரு மணிக்கு அழைக்கும் முப்பது வயதுப் பெண்களின் ‘சும்மா’ வேறு மாதிரி. பிள்ளையைப் பள்ளியில் விட்டாகிவிட்டது, குழம்பு கொதிக்கிறது, கணவர் அலுவலகத்தில். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் எம்.எஸ்சி, பி.இ., சென்னையில் ஐந்து வருட அனுபவம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். “அப்புறம் ஏன் வேலைக்குப் போகல?” என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “நான் டிபில இருக்கேங்க.”

டிபி என்றால் டிபெண்டன்ட்ஸ் பாஸ். தமிழில் சார்ந்திருப்போர் அட்டை என்கிறோம். மொழிபெயர்த்தவர் யாரோ, மிகச் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். சார்ந்திருத்தலைத் தவிர அந்த அட்டையில் வேறொன்றும் இல்லை.

என் நிகழ்ச்சிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது அழைக்கும் ஓர் அக்கா இருக்கிறார். திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவர். கணவர் இங்கே கணினித் துறையில். அக்காவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை எட்டிப் பழகிய குரல். உரக்கப் பேசாமலே எட்டும். லகர ளகர ழகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும். ஊடகப் படிப்பில் மூன்றாண்டு குரல் பயிற்சி எடுத்தும் எனக்கு இன்னும் தண்ணி காட்டும் எழுத்துகள் அவை. ஒருமுறை தன் பாட்டி சொன்ன கதை ஒன்றை நேரலையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த பாட்டைப் போட மறந்து நானும் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்திருந்தோம்.

போன ஆண்டு ஒரு வானொலி நாடகத் தொடருக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தோம். அம்மா கதாபாத்திரம், எட்டுப் பாகம், பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. எனக்கு உடனே அக்காதான் நினைவுக்கு வந்தார். தயாரிப்பாளரிடம் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். “எங்கே பிடிச்சே இவங்கள?” என்றார். அக்காவிடம் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “முதல்ல ரூல்ஸ் பார்த்துக்கோங்கம்மா” என்றார். எங்களைவிட அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

மனிதவளப் பிரிவில் விசாரித்தபோது ஐந்தே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: முடியாது. பகுதிநேரம்? முடியாது. நாளுக்கு இவ்வளவு என்று ஃப்ரீலான்ஸ்? அதுவும் முடியாது. காசே வேண்டாம், ஆசைக்கு வந்து நடித்துக் கொடுக்கட்டுமே என்றேன். “காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலை வேலைதான்” என்றார் அந்த அதிகாரி. அவர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. முறையான அனுமதி இல்லாமல் வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளிவரை அபராதமோ, 12 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலை செய்தவருக்கு 20,000 வெள்ளிவரை அபராதம், இரண்டாண்டுவரை சிறை. எட்டுப் பாக நாடகத்துக்காக யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி இல்லை. 2021 ஏப்ரல் வரைக்கும் ஒப்புதல் கடிதம் என்று ஒன்று இருந்தது. எம்ப்ளாய்மண்ட் பாஸில் இருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ ஒரு நிறுவனம் வேலை தர முன்வந்தால், மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்து அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளலாம். குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, ஒதுக்கீட்டுக் கணக்கில் வராது, தீர்வை இல்லை. பாலர் பள்ளி, துணைப்பாட நிலையம், கணக்காளர் அலுவலகம் என்று எனக்குத் தெரிந்தே பல தமிழ்ப் பெண்கள் அப்படி வேலை பார்த்தார்கள். 2021 மார்ச்சில், அப்போதைய மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ நாடாளுமன்றத்தில் மாற்றத்தை அறிவித்தார். மே 1 முதல், சார்ந்திருப்போர் அட்டையில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமென்றால், மற்ற வெளிநாட்டவரைப் போலத் தன் பெயரிலேயே எம்ப்ளாய்மண்ட் பாஸோ, எஸ் பாஸோ, வேலை அனுமதிச் சீட்டோ பெற வேண்டும். கையில் கடிதம் இருந்தவர்கள் அது காலாவதியாகும்வரை தொடரலாம் என்றார்கள். உழைப்பாளர் தினத்தன்று நடப்புக்கு வந்தது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார் அக்கா. எனக்குத்தான் சிரிப்பு வராது.

“சரி, தன் பெயரில் பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து எம்ப்ளாய்மண்ட் பாஸுக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். அதற்கு மேல் ‘காம்பஸ்’ புள்ளி முறை: சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்து 40 புள்ளி சேர வேண்டும். எஸ் பாஸ் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி. முதலாளி மாதம் 650 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும், நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் இடமும் இருக்க வேண்டும். இரண்டுக்குமே, பத்துப் பேருக்குக் குறைவான சிறிய நிறுவனங்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக, வேலையை ‘மைகெரியர்ஸ்ஃபியூச்சர்’ தளத்தில் 14 நாளாவது விளம்பரம் செய்திருக்க வேண்டும். ஆறு வருடம் பாடம் நடத்திவிட்டு, பிள்ளை பெற்று, ஐந்து வருடம் வீட்டில் இருந்த ஒருவருக்கு, அரைநாள் வேலை தேடும் ஒருவருக்கு, இத்தனை படிக்கட்டையும் ஏறிக் கொடுக்க எந்த முதலாளி காத்திருக்கிறார்? ஒப்புதல் கடிதம் இருந்த காலத்தில் வாரம் மூன்று நாள் கணக்கு எழுதப் போகலாம். இப்போது, முழுநேர நிபுணராக இருந்தால் வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு என்கிறது விதி. நடுவில் ஒன்றும் இல்லை.

சொந்தத் தொழில் செய்யலாமே என்பார்கள். அதற்கு மட்டும் அந்தக் கடிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தனி உரிமையாளராகவோ, பங்காளியாகவோ, குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்கும் இயக்குநராகவோ இருக்க வேண்டும். அதோடு, சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரையாவது வேலைக்கு வைத்து, உள்ளூர்த் தகுதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, மூன்று மாதமாவது மத்திய சேமநிதி கட்டியிருக்க வேண்டும். அந்தத் தகுதிச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 வெள்ளியானது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு புளோக்கில் நாலு வீட்டுக்கு விற்க நினைக்கும் ஒருவர் உள்ளூர்த் தகுதிச் சம்பளத்துக்கு முதலில் ஆள் வைத்தாக வேண்டும். எத்தனை கிலோ முறுக்கு சுட வேண்டும் என்று ஒருநாள் அக்காவும் நானும் தொலைபேசியில் கணக்குப் போட்டோம். எண்ணெய் விலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம்.

இதையெல்லாம் சொல்லும்போது என் குடும்பத்திலேயே இருக்கும் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். என் பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்டு பட்டுக்கோட்டையிலிருந்து வந்த அண்ணி. அண்ணன் சிங்கப்பூரர். அண்ணிக்குக் கிடைத்தது நீண்டகால வருகை அட்டை. அதில் இருப்பவர்கள் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட ஒப்புதல் கடிதம் பெற்று வேலைக்குப் போகலாம். அண்ணி பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். வந்த இரண்டாம் ஆண்டிலேயே பேரங்காடியில் வேலை, இப்போது ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, மாண்டரினில் நாலு வார்த்தை, ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம். அக்காவும் அண்ணியும் ஒரே விமான நிலையத்தில், கிட்டத்தட்ட ஒரே ஆண்டில் வந்து இறங்கியவர்கள். ஒருவரின் கணவர் கையில் சிவப்புக் கடப்பிதழ், இன்னொருவரின் கணவர் கையில் வேலை அட்டை. குடிமகனின் மனைவிக்குச் சலுகை இருப்பது நியாயம்தான். அண்ணி இங்கேயே வாழப் போகிறவர். ஆனாலும் இருவரும் ஒருமுறை பொங்கல் கலைநிகழ்ச்சியில் சந்தித்துப் பேசியபோது, அண்ணி வெகுளியாக, “ஏன்க்கா, இவ்வளவு படிச்சிருக்கீங்க, எங்க கடையில ஆள் எடுக்கிறாங்களே” என்று கேட்டுவிட்டார். அக்கா முகத்தைப் பார்க்காமல் நான் பாயசம் எடுத்துவரப் போனேன்.

மூன்றாவதாக இன்னொரு மனைவியும் இருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து அழைக்கும் ஒரு தம்பி, கட்டுமானத் துறையில் இருப்பவர், புதுக்கோட்டையில் இருக்கும் மனைவிக்காக எப்போதும் ஒரே பாட்டைக் கேட்பார். நேரத்தைச் சொல்லி வைத்திருப்பாராம். அங்கே அவர் செயலியில் கேட்டுக்கொண்டிருப்பாராம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் குடும்பத்தை இங்கே அழைத்து வந்து வாழ முடியாது. மனைவி வேலைக்குப் போகலாமா என்ற கேள்வியே அவருக்கு எழாது. எம்ப்ளாய்மண்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ இருப்பவர்கூட, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால்தான் மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்து வரலாம். அந்த வரம்பு 2015 செப்டம்பரில் 4,000-லிருந்து 5,000 ஆனது. 2018-இல் 6,000 ஆனது. பெற்றோரை அழைத்து வர வேண்டுமானால் 12,000. ஆக, கணவரின் சம்பளச் சீட்டைப் பார்த்தே ஒரு பெண் சேர்ந்து வாழலாமா, வாழ்ந்தால் வேலைக்குப் போகலாமா என்பதெல்லாம் முடிவாகிறது. அவள் என்ன படித்தாள் என்பது கடைசி வரிக்குத்தான் வருகிறது.

இந்த விதியை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 2020-இலும் 2021-இலும் நான் நிகழ்ச்சி செய்துகொண்டுதான் இருந்தேன். கிருமித்தொற்றுக் காலத்தில் வேலை இழந்தவர்களின் அழைப்புகள் தினமும் வந்தன. என் சொந்தத் தம்பியே நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் இருந்த வேலையை இழந்து எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டவர் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கோபம் காப்பிக்கடையிலும் கேட்டது, வாட்ஸ்அப் குழுக்களிலும் கேட்டது. நம் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடு என்று ஒரு நாடு தன் அரசாங்கத்திடம் கேட்பதில் தப்பே கிடையாது. நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். என் மகளுக்கும் நாளைக்கு வேலை வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் கடிதத்தோடு வேலை பார்த்தவர்கள், வேலை அனுமதி பெற்ற எல்லா வெளிநாட்டவரிலும் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் என்று அமைச்சே அப்போது சொன்னது. இவ்வளவு சிறிய எண்ணிக்கைதானே, மாற்றினால் என்ன என்று அதை ஒருவர் படிக்கலாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கைதானே, விட்டிருந்தால்தான் என்ன என்று நான் படிக்கிறேன்.

வேறு இடங்களில் எப்படி என்று பார்த்தால், ஆளுக்கொரு வழி. ஹாங்காங்கில், வேலை விசாவில் வந்த நிபுணரின் மனைவியோ கணவரோ தனி அனுமதி இல்லாமலே வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் எச்-1பி விசாக்காரரின் துணைவருக்கு 2015-இல்தான் கதவு திறந்தது. அதுவும் கிரீன் கார்டு வரிசையில் ஓரளவு முன்னேறியவர்களின் துணைவருக்கு மட்டும். கனடா 2025 ஜனவரியில் இறுக்கிவிட்டது. உயர்திறன் வேலைகளிலும், ஆள் பற்றாக்குறை உள்ள குறிப்பிட்ட சில வேலைகளிலும் இருப்பவரின் துணைவருக்குத்தான் இப்போது அங்கே திறந்த வேலை அனுமதி. முதலாமவரின் அனுமதியில் இன்னும் 16 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். எல்லா நாடும் ஏதோ ஒரு கோட்டைப் போடத்தான் செய்கிறது. அவ்வளவு தூரம் போகாமல் நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், பள்ளித் தவணைக் காலத்தில் வாரம் 16 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். அந்த 16 மணி நேரத்தை அக்காவைப் போன்றவர்களுக்கும் கொடுத்தால் என்ன? இரண்டு வருடம் இங்கே இருந்தவர்களுக்கு மட்டும் என்று வைக்கட்டும், ஆள் கிடைக்காத துறைகளுக்கு மட்டும் என்று வைக்கட்டும், முதலாளியிடம் தீர்வைகூட வாங்கட்டும். முதியோர் பராமரிப்பு நிலையங்களில் தமிழ் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டு அழைக்கும் குடும்பங்கள் என் நிகழ்ச்சியிலேயே இருக்கின்றன.

பணம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிடக் கூடாது. அக்கா வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. அக்காவின் கணவரும் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு வேலை போனால், எம்ப்ளாய்மண்ட் பாஸ் ரத்தாகும்போது அதைச் சார்ந்த அட்டைகளும் சேர்ந்து ரத்தாகும்; பொதுவாக 30 நாளுக்கு ஒரு குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். 2023-இல் தொழில்நுட்பத் துறையில் ஆட்குறைப்புச் செய்தி வந்த வாரங்களில் அக்கா தூங்கவே இல்லையாம். “அவருக்காவது ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட பேசி விஷயம் தெரிஞ்சுக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்துத்தாம்மா தெரிஞ்சுக்கணும்” என்றார். கணவர் நல்லவராக இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் அழைப்புகள் ஒலிபரப்பாகாது. பாட்டு ஓடும் நேரத்தில், ஒலிவாங்கியை அடைத்துவிட்டுக் கேட்டுக்கொள்வேன். தங்கும் உரிமையும் கைச்செலவும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, வீட்டை விட்டுக் கிளம்பு என்று யாரும் சுலபமாகப் புத்தி சொல்லிவிட முடியாது.

அதனால்தான் ஊரில் பெண் வைத்திருக்கும் உறவினர்கள் “சிங்கப்பூர் மாப்பிள்ளை, எப்படி?” என்று என்னைக் கேட்டால், ஜாதகத்துக்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்கச் சொல்கிறேன். என்ன பாஸ்? நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு? ஓவர்டைம், போனஸ், மாதா மாதம் மாறும் படிகள் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. ‘எல்லாம் சேர்த்து ஏழாயிரம் வரும்’ என்ற பேச்சை நம்பிக் கல்யாணம் முடித்து, அட்டை கிடைக்காமல் ஊரிலேயே ஒரு வருடம் காத்திருந்த பெண் ஒருத்தி எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறாள். மூன்றாவது கேள்வியைப் பெண்ணிடமே கேட்கச் சொல்வேன். அங்கே போய்ச் சில வருடம் வேலை இல்லாமல் இருக்க உனக்குச் சம்மதமா? பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். “வேலைக்குப் போகணும்னு என்ன அவசியம், அவன்தான் சம்பாதிக்கிறானே” என்பார்கள். கல்லூரி முடித்துக் கையில் முதல் சம்பளம் வாங்கிவிட்ட பெண் சிரிக்க மாட்டாள்.

அக்கா இப்போது முழுநேர வேலைக்கே முயல்கிறார். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்குக் கணினிப் பாடம் எடுக்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஆர்வம் காட்டியிருக்கிறது. எம்ப்ளாய்மண்ட் பாஸ் விண்ணப்பத்தில் காட்டும் பட்டங்களுக்குச் சரிபார்ப்புச் சான்று தேவை என்பதால், அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடித் திருச்சியில் அவர் அம்மா பரணில் ஏறி இறங்கியிருக்கிறார். சம்பளம் வரம்பைத் தொடுமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் நாடகம் வேறு ஒருவரின் குரலில் ஒலிபரப்பாகிவிட்டது. நன்றாகவே நடித்தார். எட்டுப் பாகத்தையும் அக்கா விடாமல் கேட்டார். மூன்றாம் பாகம் முடிந்த கையோடு எனக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார்: “எல்லாம் நல்லா இருந்துச்சும்மா. அந்தக் கடைசிக் காட்சியில மட்டும் ‘பழி’யை ‘பளி’னு சொல்லிட்டாங்க. அடுத்த தடவை ஒலிப்பதிவு பண்றப்போ கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க.”